கம்பிக்கு மேல் அக்கா

மாலை வெயில் உயரம் தாண்டும் கம்பியில் பட்டு மினுங்குகிறது. இரண்டு முறை அதைத் தட்டிவிட்ட அக்காவுக்கு இது கடைசி வாய்ப்பு. கேமராவோடு காத்திருக்கும் தம்பிக்கும்தான். வீட்டு ஆல்பத்தில் அவள் தாண்டுகிற படங்களில் எல்லாம், பின்னால் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு நடுவரின் வழுக்கை மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. நீல ஜெர்சி போட்ட அக்கா கலங்கலாக, வெறும் நீலப் புகையாகத் தெரிகிறாள். "இந்தத் தடவையும் எந்த நடுவர் தலையயாவது படம் எடுத்தீன்னா, அவருக்கே தம்பியாப் போயிடு" என்று சொல்லிவிட்டுத்தான் ஓட நின்றிருக்கிறாள். அவன் இன்று கேமராவின் இஷ்டத்துக்கு விடவில்லை. கம்பியின் நட்ட நடுவில் ஃபோகஸைப் பூட்டி, மூச்சையும் பூட்டி, மண்டியிட்டிருக்கிறான். காலடிகள் தடதடக்கின்றன. வில்லாய் வளையும் முதுகு, பறக்கும் பின்னல், சடசடவென்று பொழியும் ஷட்டர். மெத்தை தொப்பென்கிறது. கூட்டம் அலறுகிறது. அவன் நிமிரவே இல்லை; படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறான். கம்பிக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். புருவத்து வியர்வைத் துளிகூடத் தனியாக நிற்கிறது. "டேய் எருமை, தெளிவா வந்துச்சா?" என்று மெத்தையிலிருந்து கத்துகிறாள் அக்கா. "சூப்பரா வந்திருக்குக்கா!" என்று துள்ளி எழுகிறவன், அப்போதுதான் தலையைத் தூக்குகிறான். "ஆமா, நீ தாண்டிட்டியா?"