குடுத்த காசுக்கு

"இவ்ளோ காசு வாங்கறீங்க, ரூமுக்கு நாலே நாலு டவலா?"

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார் முந்நூத்திப் பதினொண்ணாம் ரூம் மேடம். ஐம்பது வயசு இருக்கும். கூடவே வளர்ந்த பிள்ளைகள், மருமகன் என்று மொத்தம் ஐந்து பேர், ஒரே ரூமில்.

மூணாவது மாடியில் ரூம் சுத்தம் செய்கிறவளுக்கு ஹோட்டல் முழுக்க 'அக்கா' என்றுதான் பேர். அக்கா இன்னும் இரண்டு டவல் கொண்டுவந்து வைத்தாள். மேடம் அதோடு விட்டாரா? குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். தலையணையைக்கூட விடவில்லை, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குடுத்த காசுக்கு வட்டியும் முதலுமா வாங்காம இது போகாது," என்று வெளியே வந்து அக்கா புலம்பினாள். அந்த நிமிஷமே 'கறார் மேடம்' என்று பேரும் வைத்தாகிவிட்டது.

ட்ராலி தள்ளும் பெண்ணுக்கு அங்கே 'தங்கச்சி' என்று பேர். அவள் சிரித்தாள். "ஆமா, நிஜமாவே இந்த ரூமுக்கு இவ்ளோ காசு தகுமாக்கா? தீம் பார்க் கேட்டுக்கு வெளியில இதுல பத்துல ஒரு பங்குக்குக் கிடைக்குதே?"

"இங்க தங்கினா மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பார்க்குக்குள்ள விடுவாங்க. ஜன்னலைத் திறந்தா ராட்டினம் தெரியும். அவ்ளோதான். அந்தக் காசை என் கையில குடுத்தா நான் வீட்டுலயே இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன்."

மறுநாள் நாலு மணிக்கு அக்காவின் மகள் பள்ளிக்கூட மேடையில் தனியாகப் பாடுகிறாள். போன வருஷமும் வருகிறேன் என்றுதான் அக்கா சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதினாலு ரூமையும் முடிக்காமல் சூப்பர்வைசர் ஒருத்தரையும் விடமாட்டார். மூணு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்துக்குத்தான்.

மறுநாள் காலையில் வராந்தாவில் நின்று மகளிடம் போனில் கெஞ்சினாள்.

"மூணு மணி பஸ்ஸுல ஏறிடுவேன்டி. நீ பாட மேடை ஏறும்போது சத்தியமா முன்னாடி இருப்பேன்."

"வேணாம்மா. எங்கம்மா வரமாட்டாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

மகள் போனை வைத்துவிட்டாள்.

முந்நூத்திப் பதினொண்ணு கதவு திறந்தது. "இங்க நின்னு பேசினா உள்ள அப்படியே கேக்குதும்மா."

"சாரி மேடம். நீங்க பார்க்குக்குப் போகலையா?"

"பிள்ளைங்க விடியும்போதே போயாச்சு. எனக்கு அந்தச் சுத்தறதெல்லாம் ஆகாது. உனக்கு இன்னும் எத்தனை ரூம் பாக்கி?"

"பதினாலும் பாக்கி மேடம். நீங்க பன்னெண்டுக்குக் காலி பண்ணிட்டீங்கன்னா..."

"ரெண்டு மணி வரைக்கும் இருக்கலாம்னு கீழ சொல்லிட்டாங்க. இங்க கடைசியாவே வா. அப்புறம், புது பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் இன்னொரு செட்டு வேணும். ஒரு மாப்பும், துடைக்கிற அந்த நீல பாட்டிலும் குடு. காபி கொட்டிடுச்சு."

"நானே வந்து துடைச்சிடறேன் மேடம்."

"கேட்டதைக் குடும்மா."

குடுத்தாள். வேறு என்ன செய்ய?

"பெட்டிக்குள்ள அமுக்கத்தான் கேக்குது," என்றாள் தங்கச்சி. "காணாமப் போனா உன் தலையிலதான்க்கா விடியும்."

காணாமல் போவது இருக்கட்டும். ஐந்து பேர் புழங்கின ரூமை ரெண்டு மணிக்கு மேல் தொட்டால் மூணேகால் ஆகிவிடும். பஸ் போச்சு, பாட்டும் போச்சு. இருந்தாலும் அக்கா சாப்பிடக்கூட உட்காராமல் பம்பரமாகச் சுற்றினாள்.

பதின்மூணாவது ரூமை முடித்து வெளியே வந்தபோது ரெண்டு இருபது. கறார் மேடம் பெட்டிகளையெல்லாம் தானே வராந்தாவுக்கு இழுத்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்டிலிருந்து ஓடிவந்தான் மகன். "நான் வந்து எடுக்க மாட்டேனாம்மா? சரி, ரூம் எப்படி? குடுத்த காசுக்குத் தகுமா?"

"தகும், தகும். காலை நீட்டிப் படுத்தேன், எந்திரிக்கவே மனசு வரல."

அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் லிஃப்டில் ஏறிவிட்டார்.

'உனக்கென்னம்மா, நீ படுப்பே,' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அக்கா கதவைத் திறந்தாள். திறந்தவள் ரூம் மாறி வந்துவிட்டோமோ என்று மறுபடி நம்பரைப் பார்த்தாள்.

கட்டில்களில் புது விரிப்பு. மூலைகளெல்லாம் விறைப்பாக மடித்துச் செருகியிருந்தன. தலையணை உறைகளின் வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. தொழில் தெரிந்தவர்களைத் தவிர யாருக்கும் அப்படி வைக்கத் தோன்றாது. குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுக்குத் துணியெல்லாம் ஒரே மூட்டையாகக் கதவோரம் இருந்தது.

மேஜையில் ஒரு சீட்டு.

'நானும் இருபத்திரண்டு வருஷமா ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றவதான். என் மக மேடை ஏறினப்ப நான் எவனோ ஒருத்தன் ரூம்ல டவல் மடிச்சுக்கிட்டிருந்தேன். நீ ஓடு, மூணு மணி பஸ்ஸைப் பிடி.

ஒரு நாளாவது நான் ரூம் சுத்தம் பண்ணாம இருக்கணும்னுதான் என் பிள்ளைங்க இவ்ளோ காசைக் கொட்டி இங்க கூட்டிட்டு வந்தாங்க. அதுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா.'