முடிவு தெரிந்தவள்

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி புள்ள," என்றாள் தனலட்சுமி.

"பேசாமப் படத்தைப் பாரு," என்றாள் அவள் சிநேகிதி பாக்கியம்.

சேலத்துக்கு மாலைக் காட்சி பார்க்க வரும் ஏற்காட்டுக்காரர்கள் யாரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. மலைக்குப் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே கிளம்பிவிடும். திரையில் கதாநாயகி ரயிலடியில் காத்து நின்றாள். காதலன் இன்னும் வரவில்லை.

"பஸ்ஸை உட்டுட்டா எங்க மாமியா என்னை ஊட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டாங்க. நீதான் இதைத் தொடர்கதையா வந்தப்பவே படிச்சுட்டியே? முடிவை வழியில சொல்லு. வா, போலாம்."

"சொல்ல மாட்டேன்."

அவர்களுக்கு முன்னால் தலையில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏனுங்க, கதை படிச்சவங்களா நீங்க? அந்தப் பையன் வந்து சேர்றானுங்களா? சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க. நானும் எந்திரிச்சு என் சோலியப் பார்ப்பேன்."

"எனக்கு மறந்துபோச்சுங்க," என்றாள் பாக்கியம்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

தனலட்சுமிக்குக் கோபம் வந்தது. "பாவம், அந்த மனுசனுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல? அவருக்கு என்ன அவசரமோ!"

பாக்கியம் அவள் காதருகே குனிந்தாள்.

"சொன்னா இப்பவே போய் பஸ்ஸை எடுத்துருவாரு. அவருதான் புள்ள கடைசி பஸ் டிரைவரு."