கல் சொன்ன சாட்சி

"அந்தப் பிரதிவாதிகிட்ட நீங்களே நேரில ஒரு வார்த்தை பேசினா என்ன?" தோசையை இலையில் போட்டுக்கொண்டே கேட்டாள் செல்லத்தாய்.

"பேசப்பிடாது," என்றார் அவள் கணவர் பொன்னுலிங்கம் வக்கீல். "எதிர்க்கட்சிகிட்ட வக்கீல் நேரா வழக்கு பேசப்பிடாது. அது தொழில் மரியாதை. சொல்ல வேண்டியதை அவளுக்க வக்கீல் ஜேசுதாஸ் கோர்ட்டுல சொல்லட்டும்."

"அப்பம் நான் சொல்லுகேன், கேட்டுக்கிடுங்க. அவளுக்க அப்பா, மகளுக்குன்னு பாத்துப் பாத்துக் கெட்டின அடுக்களை அது. அதை இடிச்சே தீரணும்னு நிக்கேளே, அவ எங்க கொண்டு கஞ்சி வைப்பா?"

"குளத்துக்குப் போற வழியை மறிச்சுல்லா கெட்டியிருக்கு! கீழத்தெரு சனம் வயலைச் சுத்தி வரப்பு வழியா தண்ணி சுமக்கு. போன மழையில தேவகனி குடத்தோட வழுக்கி விழுந்து காலை முறிச்சாளே, அவ எங்க கொண்டு கஞ்சி வைப்பா?"

செல்லத்தாய் சட்டினி வைக்கவில்லை.

பொன்னுலிங்கம் வெறும் தோசையைத் தின்றுவிட்டு நாகர்கோவில் கோர்ட்டுக்குக் கிளம்பினார். கீழத்தெருவுக்காக அவர் பீஸ் வாங்காமல் நடத்துகிற வழக்கு. அங்கே வழி இருந்ததே இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அவரும் விடுகிற ஆள் இல்லை.

நாஞ்சில் நாட்டில் அவர் குனிந்து படித்துப் பார்க்காத கல் கிடையாது. பாறையில் எறும்பு ஊர்ந்தாலும் வட்டெழுத்தோ என்று கண்ணாடியைத் துடைப்பார். ஒருமுறை பூதப்பாண்டிப் பக்கம் அவர் படித்துக்கொண்டிருந்த கல் எழுந்து நடந்துபோனது. எருமை என்று ஊர் சிரித்தது. எருமையாக இருக்கலாம், ஆனால் எழுத்து இருந்தது என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

அப்பேர்ப்பட்டவர் குளத்துப் படித்துறையில் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் போடாமல் இருப்பாரா? அடிப்பக்கம் முழுக்க எழுத்து. 'மதிலுக்கும் மடைக்கும் நடுவே குளத்துக்குச் செல்லும் இவ்வழி ஊருக்குப் பொது. யாரும் அடைக்கலாகாது.' திருவனந்தபுரத்திலிருந்து வந்த கல்வெட்டு அதிகாரியும் அப்படித்தான் படித்தார்.

"கல்லு சாட்சி சொல்லுமா? கூண்டுல ஏத்துங்க, பாப்போம்!" என்று கோர்ட்டில் சிரித்தார் ஜேசுதாஸ்.

பொன்னுலிங்கம் ஏற்றிவிட்டார். மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்த கல்லை எட்டுப் பேர் தூக்கிக் கூண்டில் வைத்தார்கள். கூண்டின் பலகை முறிந்தது. சாட்சி அசையவில்லை. குறுக்கு விசாரணையில் இவ்வளவு உறுதியாக நின்ற சாட்சியைத் தம் ஆயுளில் கண்டதில்லை என்றார் நீதிபதி. அடுக்களைச் சுவரை இடித்து வழியைத் திறக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

"அப்பீல் உண்டா?" என்று வராந்தாவில் கேட்டார் பொன்னுலிங்கம்.

"போட மாட்டேன்னுட்டா அந்த அம்மா," என்றார் ஜேசுதாஸ். "பாவம் வேய், அவளுக்கு வாச்ச புருஷன் சரியில்ல."

"இருக்கும்," என்றார் பொன்னுலிங்கம்.

சுவர் இடிக்கிற நாளன்று அவருக்குத் தக்கலையில் வேறு வழக்கு. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே குளத்துக்குப் போனார். புதிதாகத் திறந்த வழியில் கீழத்தெருப் பெண்கள் குடமும் பேச்சுமாக வந்துகொண்டிருந்தார்கள். தேவகனி ஒரு கையில் கம்பும் மறு கையில் சின்னச் செம்புமாக நொண்டி நொண்டி வந்தாள்.

"வக்கீலய்யா, வீட்டுவாசல்ல இருந்து குளம் கண்ணுக்குத் தெரியுது!" என்றாள்.

அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பசிதான் வயிற்றைக் கிள்ளியது. வீட்டுக்கு வந்து, "ஏட்டி செல்லம், இலையைப் போடு!" என்றார்.

முற்றத்தில் மூன்று செங்கலைக் கூட்டித் தீயை ஊதிக்கொண்டிருந்த செல்லத்தாய் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அரிசி வேகட்டும், பொறுங்க. பிரதிவாதிக்க அடுக்களையைத்தான், நீங்க கேட்டபடியே, காலையில கோர்ட்டு ஆமீன் வந்து இடிச்சுத் தள்ளிட்டுப் போனாருல்லா!"