ரெண்டு பாட்டில் கொடிச்சாறு

“நேத்து வந்தவன். நாலே மாசத்துல கண்டுபிடிச்சுட்டானாம். நம்புற மாதிரியா இருக்கு?”

கொடியம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற அக்கா குழாயை மூடிவிட்டு வசதியாகக் கேட்டாள்.

கொடியம்மா என்பது பட்டப்பெயர்தான். ஒன்பது வருஷமாக ஒரே காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு அழுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆறாத புண்ணை ஆற்றும் மருந்து அதன் இலையில் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அவர் வடித்த சாற்றுக்குக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் ஒரு கிருமிகூடச் சாகவில்லை.

புதுப்பையன் வடித்த சாற்றுக்குச் செத்தது.

“நீங்க இலையை அடுப்புச் சூட்டுல காய வைக்கிறீங்க மேடம். காட்டுலேருந்து இலை கொண்டு வர்றவர்கிட்ட கேட்டேன். அவங்க நிழல்லதான் உலர்த்துவாங்களாம்” என்றான் பணிவாக.

அந்தப் பணிவைப் பார்த்துத்தான் அவருக்கு வயிறு எரிந்தது. அந்த இலைக்காரர்தான் ஒன்பது வருஷமாக வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார். கொடியம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். “ரெண்டு பேர் சாறையும் நாளைக்கு வச்சுப் பார்த்துடலாம். எது வேலை செய்யுதோ, அவங்கதான் இங்க இருப்பாங்க. இன்னொருத்தர் வேற இடம் பார்த்துக்கட்டும்.”

புதிதாக இலை உலர்த்த நேரமில்லை. கொடியம்மாவுக்கு அன்று தூக்கமும் இல்லை.

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஜையில் ரெண்டு பழுப்புப் பாட்டில்கள். கழுத்தில் நூலால் கட்டிய பெயர்ச்சீட்டு. அதைத் தவிர ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கொடியம்மா அவன் சீட்டை அவிழ்த்தார். அங்கே தன் சீட்டைக் கட்டினார். தன் பாட்டிலில் அவன் சீட்டு. முடிச்சு சரியாக விழுந்தது.

‘ஒன்பது வருஷம் உழைச்சது நான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மாலையே சீட்டைப் பார்த்து ரெண்டு சாறையும் தனித்தனித் தட்டில் விட்டார்கள். அடுத்த நாள் தட்டுகளைத் திறந்தார்கள். அவன் பெயர் போட்ட தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கொடியம்மாவின் தட்டில் கிருமிகள் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தன.

அவர் தட்டுகளின் பெயரை மறுபடி படித்தார். மாற்றியது மாற்றியதுதானே, பிறகு எப்படி?

இயக்குநர் புதுப்பையனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. தயங்கித் தயங்கிக் கொடியம்மாவின் அருகில் வந்தான்.

“மன்னிச்சுடுங்க மேடம். எனக்கு வேற வேலை கிடைச்சுடும், உங்களுக்கு இந்தக் கொடியை விட்டா என்ன இருக்கு? அதான் நேத்து காலையிலேயே ரெண்டு சீட்டையும் மாத்திக் கட்டினேன். மறுபடி எப்படி மாறிச்சுன்னுதான் தெரியல.”