நுரை வராத சோப்பு

"போன வாரம் குடுத்த சோப்புல நுரையே வரலம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. கீழ் வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றார்.

மாடி வீட்டில் சோப்பும் பையும் செய்து விற்கிற அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பில் மெழுகு உருகுகிறது. தையல் மிஷினில் பாதிப் பை தொங்குகிறது. தோளில் கம்பளி நூல், கையில் ஊசி. இந்த நேரத்தில் இவர்.

"அதுக்கு முந்தின வாரம் நுரை ஜாஸ்தின்னீங்க."

"ஜாஸ்திதான். அப்புறம் இந்த ஓரம் இருக்கே, கையைக் கிழிக்குது."

"நான் குடுத்தது சோப்பா, அரிவாளா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"பிடிக்கலேன்னா எதுக்கு வாங்கறீங்க? கடையில அடுக்கி வெச்சிருக்கான், போய் வாங்குங்களேன்."

"கடைக்காரன்கிட்ட நொட்டை சொன்னா காது குடுத்துக் கேப்பானா?"

கால் மணி நேரம் போனது. எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடாக் காரம் என்று அவருக்குப் பாடமே எடுத்தாள். தொண்டை வறண்டது. கடைசியில், ஆளைக் கிளப்பினால் போதும் என்று கைக்கு எட்டிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, காகிதத்தில் சுற்றி நீட்டினாள். நாலு வாரம் காய வேண்டிய சோப்பு. எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நொட்டை பிடிக்கிறவருக்கு இது போதும்.

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது.

அவரை விட்டால் அந்தக் கதவைத் தட்ட ஆளில்லை. ஆர்டர்கள் போனில் எழுத்தாக வரும். பார்சல்காரர் வாசலில் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கணவர் இறந்து இரண்டு வருடம். கை சும்மா இருந்தால் வீட்டின் வெறுமை வாயைத் திறந்துகொண்டு வரும். அதனால் அவள் கையைச் சும்மா விடுவதில்லை.

சாயங்காலம் கம்பளிக் குவியலை நகர்த்தினாள். பின்னால் ஒரு ஜாடி. நிறையத் தேங்காய் எண்ணெய். எட்டு நாளுக்கு முன் அளந்து, மூடி வைத்து, ஊற்ற மறந்த எண்ணெய்.

இந்த எண்ணெய்க்கும் சேர்த்துத்தானே காரம் போட்டாள்?

அந்தத் தட்டுச் சோப்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்று இழுத்தது. மேலே தேய்த்தால் தோல் வெந்துபோகும்.

படியில் ஓடினாள்.

கீழ் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே டிவி அலறல், பேரப்பிள்ளைகள் சண்டை, மருமகள்களின் சிரிப்பு. பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, காலையில குடுத்த சோப்பை யாரும் தொடாதீங்க! தப்பாப் போச்சு. ஐயா குளிச்சிட்டாரா?"

"பதறாதே, உள்ள வா."

அந்த அம்மாள் அலமாரியைத் திறந்தாள். சோப்பு. மேல் தட்டு, கீழ் தட்டு எல்லாம் சோப்பு. சுற்றிக் கொடுத்த காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"அவருக்குத் தோல் வியாதிம்மா. சோப்பே கூடாதுன்னு டாக்டர் சொல்லிப் பத்து வருஷமாச்சு. வாசனைகூட ஆகாதுன்னு நாங்களும் போடறதில்ல."

அவள் ஒரு சோப்பை எடுத்து, பிரிக்காத காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மனசு இளகியது.

"பாவம். பேச ஆள் இல்லாமதான் மேல வர்றாரா?"

"இங்கயா ஆள் இல்ல? இந்தக் கூச்சல்ல அவருக்குக் காது இன்னும் கேக்கறதே அதிசயம்."

"அப்புறம் எதுக்கும்மா?"

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"'மேல் வீட்டுல வாரம் பூரா மிஷின் சத்தம்தான் கேக்குது, மனுஷக் குரலே கேக்கல'ம்பாரு. 'நல்லாருக்குன்னு சொன்னா அந்தப் பொண்ணு தலையாட்டிட்டுக் கதவைச் சாத்திடும்டி. நொட்டை சொன்னாத்தான் கால் மணி நேரம் பேசுது.'"