ஏட்டு மகன் சாட்சி

"சொல்லுப்பா, மொதல்ல குத்துனது யாரு?"

அரசு வக்கீல் மூணாவது தடவையாகக் கேட்டார். நான் சாட்சிக் கூண்டில். எதிரே சோலைராஜ் அண்ணன், ரெண்டு பக்கமும் போலீஸ். பின்பெஞ்சில் எங்க அப்பா, ஏட்டு சங்கரலிங்கம், யூனிஃபார்ம் இல்லாமல்.

ஒரு மாசமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே அப்பா இதைத்தான் சொல்லித் தந்தார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலும் அதே பாட்டு.

"ஏலே அழகு, சோலைராஜ்தான் மொதல்ல குத்துனான்னு சொல்லு. வேற வாயைத் திறக்காதே. முக்கியமா, கோர்ட்ல போயி அவனை அண்ணன் கிண்ணன்னு சொல்லித் தொலையாதே."

"குத்துனது சோலைராஜ் அண்ணன்தான் சார்," என்றேன்.

வக்கீல் முகம் மலர்ந்தது.

"ஆனா மொதல்ல அடிச்சது வல்லரசு. இரும்புக் கம்பியால."

மலர்ந்தது சுருங்கிவிட்டது.

வல்லரசு என் பெரியப்பா மகன். சோலைராஜ் அண்ணன் காலனிக்காரர். புது பைக்கில் எங்க தெரு வழியாகப் போனார், இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை. இதுதான் குற்றம். இராஜபாளையத்தில் நானும் அண்ணனும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்துக்கே வல்லரசு கம்பியோடு வந்துவிட்டான். தலையில் ரெண்டு அடி. விழுந்தவர் கழுத்தில் கால் வைத்து மிதித்தான். அண்ணனுக்குக் கண் மேலே சொருகிவிட்டது. அப்போதுதான் கத்தரியை எடுத்து அவன் தொடையில் குத்தினார்.

குத்தினவர் ஓடியிருக்கலாம். தறியில் இருந்த துணியையே கிழித்து வல்லரசு தொடையில் கட்டி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கேயே பிடித்துவிட்டார்கள். கொலை முயற்சி. கிழித்த துணிக்கு முதலாளி புகார் கொடுத்ததால் திருட்டும் சேர்ந்துகொண்டது.

அதுக்கு முந்தின வருஷம், எங்க மாந்தோப்பு வழியாக நடந்து போன ஒரு காலனிக்காரர் கையை வல்லரசு உடைத்தான். திருடன் என்று பயந்துவிட்டானாம், தோப்பு இருட்டாக இருந்ததாம். காலை பத்து மணிக்கு! அது தற்காப்பு. ஸ்டேஷனிலேயே முடிந்தது.

வக்கீல் விடவில்லை. "இடுப்புல கத்தரியை மறைச்சு வச்சிருந்தான்னா, திட்டம் போட்டுத்தானே வந்திருக்கான்?"

"தறி ஓட்டுற எல்லார் இடுப்புலயும் நூல் வெட்டுற கத்தரி இருக்கும் சார். கோயிலுக்குப் போனாலும் இருக்கும். எடுத்து வைக்கவே தோணாது. இந்தா பாருங்க."

சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் தொங்கினதை உருவிக் காட்டினேன்.

கோர்ட்டே பதறிவிட்டது. நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதோட எப்படிப்பா உள்ளே வந்தே?"

"வாசல்ல போலீஸ்காரர் தடவிப் பார்த்தாரும்மா. யாரு மகன்னு கேட்டாரு. சங்கரலிங்கம் ஏட்டு மகன்னேன். போ போன்னுட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அரசு வக்கீல் என்னைப் பிறழ்சாட்சி என்றார். அப்பா எழுந்து வெளியே போனார். போகட்டும். பொய் சொல்ல வேற மகனைப் பெத்துக்கட்டும்.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் சோலைராஜ் அண்ணன் பெண்டாட்டி பாண்டிசெல்வி அக்கா நின்றது. அவங்க பக்கத்து வக்கீல் குதித்துக்கொண்டிருந்தார்.

"பையன் கேஸை ஒடச்சுட்டாம்மா! நாளைக்கே ஜாமீன் போடுறேன். இந்தத் தடவையாவது ரெண்டு பேரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வா. ஒன்றரை வருஷமா ஆள் கெடைக்கலை, ஆள் கெடைக்கலைன்னே சொல்றே. புருஷன் மேல அக்கறை இருக்கா, இல்லையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டது. எனக்கும் எரிச்சலாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் ரெண்டு பேர் கூடவா கிடைக்கவில்லை? வக்கீல் போனதும் பக்கத்தில் போனேன்.

"அக்கா, அண்ணன் வந்துருவாரு."

"உங்க அப்பா சொல்லித் தரலையா தம்பி?"

"தந்தாரு. அவர் சொன்னா? நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"நான்தான் தம்பி உங்க அப்பா கால்ல விழுந்து கேட்டேன், உங்களை அப்படிச் சொல்லச் சொல்லி."

"எதுக்குக்கா?" என்றேன்.

"இவுக வெளிய வந்த அன்னைக்கே முடிச்சிருவேன்னு வல்லரசு ஆள் சேர்த்து வச்சிருக்காராம். உங்க அப்பாதான் வீடு தேடி வந்து சொன்னாரு. 'எங்க ஆளுகளைத் தடுக்க என்னால ஏலாதும்மா. உன் புருஷன் உசுரோட வேணும்னா உள்ளயே இருக்கட்டும்'னாரு. அதான் ஜாமீனும் எடுக்கலை. ஜெயில்ல இருந்தா கம்பி வழியாவாவது மொகத்தைப் பார்ப்பேன்."

"போலீஸ்காரர் பேசுற பேச்சா அக்கா இது?"

"வேற எந்த போலீஸ்காரர் எங்ககிட்ட வந்து இதையாவது சொன்னாரு?"

கேட் பக்கம் வல்லரசு பைக்கில் சாய்ந்து நின்றான். என்னைப் பார்த்துவிட்டு, காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தான். அறை விழும் என்று நினைத்தேன். தோளில் கை போட்டான். சிரித்தான்.

"நல்ல வேலை செஞ்சலே தம்பி. எப்ப வெளிய வருதான்?"

சோலைராஜ்தான் மொதல்ல குத்துனான். அம்புட்டுத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லலை.