படம் வராத பதினாலு நாள்

"இன்னும் கொஞ்சம் இடது... இடது... ஐயோ, போச்சு! நல்லா வந்துட்டிருந்துச்சே!"

"எங்க வந்துச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒரு ஆளோட காது தெரிஞ்சுது ஆர்வில். சத்தியமா."

ஆர்வில் கழுத்தை வளைத்து நின்று, மேவிஸ் குடியிருக்கும் வீட்டு வண்டிக்குள், கூரையின் உட்புறத்தில் தொங்கிய ஆன்டெனா கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பதினாலு நாளாக, தினம் மாலை நாலு மணிக்கு இதுதான் வேலை.

வெளியே நாயோடு போன பக்கத்து வண்டிக்காரர் ஹார்லன் இந்த வண்டியின் உச்சியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே ஆர்வில்லைப் பார்த்தார்.

"இன்னைக்காவது படம் வருமா, இன்ஜினியரே?"

"உன் நாயைப் பார்த்துக்கிட்டுப் போய்யா!"

ஹார்லன் சிரித்துக்கொண்டே போனார். மேவிஸ் காபியை நீட்டினாள். இருவரும் வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொழிந்துகொண்டிருந்தன. வெளியே அரிசோனா பாலைவனம் வெயிலில் மிதந்தது.

"கனடாவுல, நம்ம சஸ்காச்சவன்ல பனி கொட்டுற மாதிரியே இல்ல?" என்றாள். "அதோ, அந்த மூலையில எங்க வீட்டு வேலி."

"வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வருது பாருங்க. ஓட்டுறது நான்தான்."

"மெதுவா ஓட்டுங்க. வழுக்கும்."

கொஞ்ச நேரம் இருவரும் அந்தப் பனியிலேயே இருந்தார்கள். காபி ஆறியது.

காலையில், இந்த அரசு நிலத்தைக் கவனிக்கும் ரேஞ்சர் வந்துவிட்டுப் போயிருந்தார். இலவச இடத்தில் வண்டியை நிறுத்த பதினாலு நாள்தான் அனுமதி. நாளைக்குக் கிளம்பியாக வேண்டும். 'நானும் உங்ககூட வரட்டுமா' என்று கேட்க ஆர்வில் காலையிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எந்தப் பக்கம்?" என்றாள் மேவிஸ்.

"மேற்கே. நீங்க?"

"கிழக்கே. நியூ மெக்சிகோ. அங்க படம் பளிச்சுனு வருமாம்."

மேவிஸின் ஸ்டியரிங்கில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் ஆர்வில்லின் கண்ணில் பட்டது. 'ஆன்டெனா மேலே நிற்கிறது, இறக்கி மடிக்காமல் வண்டியை எடுக்காதே' என்பதற்கு அடையாளம். இங்கே எல்லா வண்டியிலும் இப்படி ஒன்று தொங்கும்.

எழுந்து வெளியே போனார். தன் வண்டியிலிருந்து போர்வையில் சுற்றிய எதையோ தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்.

"மேவிஸ், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். பொய் கூட இல்ல, சொல்லாம விட்டுட்டேன்."

போர்வையைப் பிரித்தார். உள்ளே, தண்டு முறிந்த ஆன்டெனா.

"உங்களோடதுதான். நீங்க வந்த அன்னைக்கு பெட்ரோல் பங்க்ல இத இறக்காமலே கிளம்பிட்டீங்க. மரக்கிளையில மாட்டி விழுந்துச்சு. பின்னாடியே வந்த நான் எடுத்தேன். உங்களோடதுதானான்னு கேட்டுட்டுக் குடுக்கலாம்னுதான் கதவைத் தட்டினேன். நீங்க கதவைத் திறந்ததும், 'உங்களுக்கு ஆன்டெனா திருப்பத் தெரியுமா'ன்னு கேட்டீங்க."

"நீங்க?"

"உள்ள வந்து திருப்பினேன். மேல ஒண்ணுமே இல்லாத கைப்பிடிய, பதினாலு நாளா." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் காது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியல."

மேவிஸ் போர்வையை இழுத்து, ஆன்டெனாவை மறுபடி பதமாகச் சுற்றினாள். நாலு மூலையையும் மடித்துச் செருகி, அவர் கையில் வைத்தாள்.

"அது டமால்னு விழுந்த சத்தம் எனக்குக் கேட்காமலா போச்சு? நிறுத்தி எடுக்கலாம்னு பக்கக் கண்ணாடியில பார்த்தேன். ஒரு மனுஷன் குனிஞ்சு எடுத்து, தூசியத் தட்டி, குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனான். எப்படியும் வருவான்னு வந்து காபி போட்டு வச்சேன். இத பத்திரமா உன் வண்டியிலயே வச்சுக்கோ ஆர்வில், நியூ மெக்சிகோவுலயும் நீதானே திருப்பணும்?"